முருகைக்கல் மேல் விழுந்த நங்கூரம்

நான் செய்த முதல் நங்கூரம் கடலைப் பார்ப்பதற்கு முன்பே ஒரு தேயிலை ஸ்டோரை நிறுத்திவிட்டது. ஸ்டோர் என்று எங்கள் பக்கம் சொல்வது தேயிலைத் தொழிற்சாலையை. தலவாக்கலைக்குப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் நான் ஸ்டோர் பிட்டர், அங்கே எந்திரம் பழுது பார்க்கிறவன். நாடு சுதந்திரம் அடைந்து ஏழெட்டு வருஷம் ஆகியிருந்தும் தோட்டத்தை நடத்துகிற பெரியதுரையும் வெள்ளைக்காரர், அவருக்கு உதவியான சின்னத்துரையும் வெள்ளைக்காரர். எனக்கு வயது முப்பத்திரண்டு. அதுவரை கடலைக் கண்ணால் கண்டதில்லை. எங்கள் ஆட்கள் அதைத் தாண்டித்தான் வந்தார்கள் என்று தெரியும், அவ்வளவுதான்.

சின்னத்துரைக்கு இருபத்தைந்து, இருபத்தாறு இருக்கும். மற்ற துரைமார் கிளப்பில் பந்து அடித்துக்கொண்டிருந்தபோது இவருக்குத் தண்ணீருக்குள் தலையை விட்டுப் பார்ப்பதில்தான் பைத்தியம். முகத்துக்கு ஒரு ரப்பர் கண்ணாடி, வாயில் வளைந்த குழாய், காலில் வாத்துக்கால் மாதிரி இரண்டு ரப்பர் தட்டு. லீவு கிடைக்கும்போதெல்லாம் திருகோணமலைக்குப் போய்க் கடலில் குதித்துவிட்டு வருவார். லீவு கிடைக்காதபோது பங்களாவின் குளியல் தொட்டியில் பழகுவார். முதல் தடவை சமையல்காரர் வெந்நீர் கொண்டுபோனபோது துரை தொட்டியில் குப்புறக் கிடந்திருக்கிறார். அந்த மனுஷர் வாளியைப் போட்டுவிட்டு, "தொரை செத்துட்டாரு!" என்று கத்திக்கொண்டே ஸ்டோர் வரைக்கும் ஓடிவந்தார். நாங்கள் பத்துப் பேர் ஓடிப்போய்ப் பார்த்தால், துரை இடுப்பில் துண்டோடு வாசலில் நின்று, "ஏன் ஓடு?" என்று கேட்கிறார்.

அவருடைய தமிழ் அப்படித்தான். வேலை வாங்குவதற்காகப் படித்த தமிழ் என்பதால் எல்லாமே கட்டளை. வா, போ, வெட்டு, கொண்டா. கேள்வி கேட்க வேண்டுமானால் கட்டளைக்கு முன்னால் ஒரு 'ஏன்' சேர்த்துக்கொள்வார்.

ஒருநாள் அவர் என் பட்டறைக்கு வந்தார். "பிட்டர், கொக்கி செய். பெரிய கொக்கி. போட் நில்லு."

படகு நிற்பதற்கு ஒரு கொக்கி வேண்டும் என்கிறார். திருகோணமலையில் ஒரு மீன்பிடிகாரர் பொறுப்பில் அவர் சின்னப் படகு ஒன்று வைத்திருந்தது எனக்குத் தெரியும். ஒரு தாளில் படம் வரைந்து காட்டினார். நடுவில் ஒரு கம்பி, அடியில் நாலு விரல். "எவ்வளவு பெருசுங்க தொரை?" என்று கேட்டேன். கையை இரண்டு அடிக்கு விரித்துக் காட்டினார். அது முழுக் கொக்கியின் அளவு. நான் ஒரு விரலின் அளவு என்று எடுத்துக்கொண்டேன்.

மூன்று நாள் அடித்தேன். கொழுந்து உருட்டுகிற பழைய ரோலரின் இரும்புத் தண்டு நடுவில். தண்டவாளத் துண்டுகளைக் காய்ச்சி வளைத்து நாலு விரல். எண்ணெய் பூசித் துடைத்து வைத்தபோது, அந்தி வெயிலில் அது மின்னியது. கொழுந்து நிறுத்துவிட்டு அந்த வழியாக வந்த என் மனைவி எட்டிப் பார்த்தாள்.

"என்னங்க இது, யானை புடிக்கவா?"

"படகு நிக்கிறதுக்கு."

"நிக்காதுங்க. முழுகிடும்."

சின்னத்துரை வந்து பார்த்தார். தூக்கிப் பார்த்தார். முடியவில்லை. நானும் ஒரு பக்கம் பிடித்தேன். அதற்குள் அவருக்கு அதன் மேல் ஒரு பிரியம் வந்துவிட்டது போல. "நாளை தண்ணி. நீ வா," என்றார்.

தண்ணி என்றது ஸ்டோருக்கு மேலே இருந்த அணைக்குளம். அங்கிருந்துதான் குழாய் வழியாகத் தண்ணீர் இறங்கி எங்கள் எந்திரங்களைச் சுழற்றும். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை நாலு லாரி டியூபுக்குக் காற்றடித்து, மேலே பலகை கட்டி, அதில் நாங்கள் இருவரும் ஏறி உட்கார்ந்தோம். நடுக்குளத்தில் கொக்கியைப் போட்டேன். பலகை ஒரு பக்கம் சாய்ந்து துரை தண்ணீரில் விழுந்தார். அது அவருக்குப் பழக்கம்தான். ஆனால் காற்று எங்கள் மிதப்பைத் தள்ளிக்கொண்டு போக, கொக்கி அடியில் இழுபட்டுப் போய் எதிலோ மாட்டியது. "இழு!" என்றார் துரை. இழுத்தேன். "இன்னும் இழு!" உயிரைக் கொடுத்து இழுத்ததில் ஒரு பெரிய இரும்புச் சட்டம் மேலே வந்தது. குழாய் வாயில் குப்பை போகாமல் அடைத்திருந்த கம்பி வலை அது.

குளத்துப் பாசி முழுக்கக் குழாய்க்குள் போனது. அன்றைக்குக் கொழுந்து மிகுதியாக இருந்ததால் ஞாயிறென்று பாராமல் ஸ்டோர் ஓடிக்கொண்டிருந்தது. கீழே அந்தச் சத்தம் மெல்ல மெல்லத் தேய்ந்து நின்றுபோனதை நானும் துரையும் குளத்தில் இருந்தபடியே கேட்டோம். ஸ்டோருக்குப் பொறுப்பான டீமேக்கர் வெளியே வந்து வானத்தைப் பார்த்து ஏசினார். பெரியதுரை குதிரையில் வந்தார். நனைந்த சின்னத்துரையையும், வாத்துக்காலையும், என்னையும் வரிசையாகப் பார்த்தார். அவர்கள் இங்கிலீஷில் பேசிக்கொண்டது எனக்குப் புரியவில்லை. பேசியவர் ஒருவர்தான். அதன் பிறகு நான் விரல்களைப் பாதியாக வெட்டிக் கொக்கியை ஒரு ஆள் தூக்கும்படி சின்னதாக்கி, அதற்கு ஒரு சங்கிலியும் மாட்டினேன்.

சித்திரை வருஷப் பிறப்பு லீவில் சின்னத்துரை என்னைத் திருகோணமலைக்குக் கூப்பிட்டார். கொக்கி போடுகிறவன் செய்தவனாகவே இருக்கட்டும் என்று நினைத்தாரோ என்னவோ. மனைவியிடம் சொன்னேன்.

"நானும் வாறேன்."

"நீ எதுக்கு?"

"கடலைப் பாத்துட்டு வந்து நீங்க சொன்னா நான் அப்படியே நம்பணுமா?"

துரை மறுப்பு ஒன்றும் சொல்லவில்லை. "ஏறு," என்றார். ஜீப்பில் பின்னால் கொக்கியை அணைத்துக்கொண்டு நான். பக்கத்தில் கட்டுச்சோறும் தேயிலைத் தூள் பொட்டலமுமாக அவள். கண்டி வந்து, காடு வந்து, வெயில் வந்து, கடைசியில் கடல் வந்தது. அவள் இறங்கி நின்று ரொம்ப நேரம் பார்த்தாள்.

"இம்புட்டையும் எதுக்குங்க சும்மா போட்டு வெச்சிருக்காங்க? ஒரு செடி வெக்கல."

படகைப் பார்த்துக்கொள்ளும் மீன்பிடிகாரர் என் வயதுக்காரர். அகலமான நெஞ்சு, நிற்காத வாய். அவர் பேசியதும் தமிழ்தான். எங்கள் தமிழும் தமிழ்தான். ஆனால் இரண்டும் எதிரெதிரே போகிற பஸ் மாதிரி முட்டாமல் விலகிப் போய்க்கொண்டிருந்தன. நான் "சோறு தின்னாச்சுங்களா?" என்று மரியாதையாகத்தான் கேட்டேன். அவர் முகம் மாறி, "மாடுதான் தின்னும். நாங்கள் சாப்பிடுறனாங்கள்," என்றார்.

நாலு பேரும் படகில் போனோம். கரை மறையுமுன்பே நான் வாந்தி எடுக்கத் தொடங்கினேன். என் மனைவி வெற்றிலை போட்டுக்கொண்டு ஊஞ்சலில் இருப்பதுபோல உட்கார்ந்திருந்தாள். வெகுதூரம் போனபின் தண்ணீர் ஓரிடத்தில் பச்சையும் பழுப்புமாகத் தெரிந்தது. துரை எழுந்து, "கொக்கி போடு!" என்றார். நான் கொக்கியைத் தூக்கினேன்.

மீன்பிடிகாரர் கையை ஆட்டினார். "பார்! பார்!"

"பாத்துக்கிட்டுத்தாங்க இருக்கேன்," என்றேன்.

"ஐயோ, பார் எண்டுறன்! பாரில போடாதேங்கோ!"

போடும்போது பார்க்கக்கூடாது என்கிறார் என்று நினைத்தேன். ஊருக்கு ஊர் ஏதாவது சாத்திரம் இருக்கத்தானே செய்யும். கண்ணை இறுக மூடிக்கொண்டு போட்டேன்.

கீழேயிருந்து ஒரு சத்தம் வந்தது. அடுக்கிவைத்த ஓட்டின் மேல் மாடு ஏறினால் வருமே, அந்தச் சத்தம். அதோடு போகவில்லை. காற்றில் படகு திரும்ப, கொக்கியின் சங்கிலி அடியில் அரைத்துக்கொண்டே போனது படகுப் பலகை வழியாகப் பாதத்தில் தெரிந்தது. மீன்பிடிகாரர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"முருகைக்கல்லை உடைச்சுப் போட்டியளே!"

என் மனைவியின் வாயில் இருந்த வெற்றிலை அப்படியே நின்றது. "என்னா சொன்னாரு? முருகன் கல்லா?"

எனக்கும் அப்படித்தான் கேட்டிருந்தது. எங்கள் தோட்டத்துக் கோயில் முருகன் கோயில். எனக்கு நேர்ந்து வைத்த பெயரும் அவருடையதுதான். அவள் இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டாள். பிறகு என் பக்கம் திரும்பி என் கன்னத்திலும் இரண்டு போட்டாள், கொஞ்சம் பலமாகவே.

துரை அதற்குள் குதித்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் மேலே வந்தவர் கையில் மரக்கிளைபோல ஒரு உடைந்த துண்டு. முகத்தில் சிரிப்பில்லை. கண்ணாடியைக் கழற்றி என்னிடம் நீட்டினார். "பார்," என்றார். இந்தப் 'பார்' எனக்குப் புரிந்தது.

படகு விளிம்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டு முகத்தைத் தண்ணீருக்குள் விட்டேன். கீழே ஒரு மலை. மலையின் மேல், கொழுந்தெடுக்க மட்டம் பார்க்கிற மட்டக்கம்பு வைத்து ஒரே அளவாகக் கிள்ளியதுபோல தட்டையான செடி செடியாக, எங்கள் தேயிலை மலையே தண்ணீருக்குள் இறங்கிவிட்டதுபோல இருந்தது. செடிக்கு நடுவே மஞ்சளும் நீலமுமாக மீன்கள் நிரை நிரையாகக் கொழுந்தெடுக்கிற பெண்களைப்போல மேய்ந்துகொண்டிருந்தன. அதற்குள் என்னுடைய கொக்கி. அது விழுந்த இடத்தில் வெள்ளை வெளேரென்று ஒரு குழி. அங்கிருந்து சங்கிலி போன வழியெல்லாம் செடி முறிந்து, வெள்ளையாக ஒரு பட்டை. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே படகு அசைந்தது, சங்கிலி நகர்ந்தது, இன்னொரு தட்டு முறிந்து விழுந்தது. மூச்சு விட மறந்து, உப்புத் தண்ணீரைக் குடித்து, இருமிக்கொண்டே மேலே வந்தேன்.

"என்னங்க தெரியுது?" என்றாள் மனைவி.

"மலையில லாரி ஏறிட்ட மாதிரி இருக்கு," என்றேன். அழுகை வந்துவிட்டது. வாந்தியும் வந்தது. எது முதலில் என்று சொல்லத் தெரியவில்லை.

மீன்பிடிகாரர் கடலுக்குள் குதித்தார். கண்ணாடியும் இல்லை, குழாயும் இல்லை. கீழே போய்க் கொக்கியைக் கையால் தூக்கி, மேற்கொண்டு எதையும் உடைக்காமல் விடுவித்தார். அன்று திரும்பும் வழியெல்லாம் நான் கொக்கியை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.

தோட்டத்துக்கு வந்து இரண்டு நாளில், பிட்டர் முருகன் கல்லை உடைத்துவிட்டான் என்று நாங்கள் வரிசையாகக் குடியிருந்த லயம் முழுக்கச் செய்தி. என் மனைவி ஒருத்தியிடம்தான் சொன்னாளாம். அந்த வாரம் ரோலர் பெல்ட் அறுந்தது என்னால். மழை பெய்யாதது என்னால். கணக்கப்பிள்ளைக்குப் பல்வலி வந்ததும் என்னால்தான்.

துரையோ அந்த உடைந்த துண்டைப் பங்களா விறாந்தையில் ஒரு முக்காலி மேல் வைத்திருந்தார். ஒருநாள் காலையில் அதன் மேல் மூன்று செம்பருத்திப் பூ. மறுநாள் விபூதி. அடுத்த வாரம், கொழுந்துக்குப் போகிற பெண்கள் கூடையோடு பங்களா வாசலில் நின்று கும்பிட்டுவிட்டுத்தான் மலையேறினார்கள். துரை முதலில் தன்னைத்தான் கும்பிடுகிறார்கள் என்று நினைத்து, தினமும் காலையில் தொப்பியைத் தூக்கி வணக்கம் சொல்லியிருக்கிறார். பிறகு யாரோ படியில் தேங்காய் உடைத்து, அந்தத் தண்ணீரில் அவர் வழுக்கி விழுந்தார். என்னைக் கூப்பிட்டார்.

"பிட்டர், ஏன் தேங்காய் உடை?"

"சாமி கல்லுங்க தொரை. முருகன் கல்லு. நாமதான் ஒடச்சுப்புட்டோம்."

அவர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். முழங்கையைத் தடவிக்கொண்டு யோசித்தார். "சாமி கோபம்?"

"கோவமாத்தாங்க இருக்கும்."

"நல்லது. நானும் கோபம்," என்றார். கொக்கியைக் காட்டி, "இது வேண்டாம். ஆனால் போட் நில்லு. ஏன் நில்லு?" என்றார். கொக்கி இல்லாமல் படகை எப்படி நிறுத்துவது என்று கேட்கிறார்.

பதில் சொன்னது என் மனைவி. வீட்டில் நான் புலம்பிக்கொண்டிருந்தபோது, பசுவுக்குப் புல் அள்ளிப் போட்டபடியே சொன்னாள்: "மாட்டை ஒவ்வொரு நாளும் கட்டுறதுக்குப் புதுசு புதுசாவா முளை அடிக்கிறோம்? ஒரு முளைய அடிச்சு வெச்சுட்டு, வந்து வந்து அதுலதானே கட்டுறோம்?"

இதைத் துரையிடம் சொல்லப் பசு, முளை, கயிறு எல்லாவற்றையும் நடித்துக் காட்ட வேண்டியிருந்தது. நான் பசுவாக நின்று தலையை ஆட்டியபோது பெரியதுரை அந்தப் பக்கம் வந்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் திரும்பிப் போனார்.

முளை தயாரானது. உடைந்துபோன பழைய ரோலர் தட்டு ஒன்றுக்குள் சிமெந்து கொட்டி, நடுவில் ஒரு தடித்த வளையம் பதித்தேன். வளையத்திலிருந்து சங்கிலி, சங்கிலியிலிருந்து கயிறு, கயிற்றின் நுனியில் மிதப்பதற்கு ஒரு தேயிலைப் பெட்டி. பெட்டிக்கு உள்ளும் புறமும் தார் பூசினேன். பக்கத்தில் இருந்த தோட்டத்து முத்திரை மேல் மட்டும் பூசவில்லை. அதை அழிக்க மனசு வரவில்லை. வைகாசி விசாகத்தன்றுதான் போட வேண்டும் என்று என் மனைவி சொல்லிவிட்டாள். துரை அதற்கேற்ப லீவு எடுத்தார். லீவுக் கடிதத்தில் காரணம் என்ன எழுதினார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

திருகோணமலையில் மீன்பிடிகாரர் அந்தச் சிமெந்துத் தட்டைப் பார்த்ததும், "இதைப் படகில ஏத்தினால் நாங்களும் இதோட போக வேண்டியதுதான்," என்றார். இரண்டு படகுக்குக் குறுக்கே மரம் போட்டு, அதில் தட்டைத் தண்ணீருக்குள் தொங்கவிட்டுக் கொண்டுபோனார். பாருக்கு வெளியே வெறும் மணல் இருக்கிற இடமாகத் தேடிப் பார்த்து, அங்கே மெல்ல இறக்கினோம். துரை உள்ளே போய்ப் பார்த்துவிட்டு மேலே வந்து, ரெண்டு கையையும் தூக்கி, "உட்காரு! நல்லா உட்காரு!" என்று கத்தினார். நாங்கள் மூன்று பேரும் படகில் உட்கார்ந்தோம். தட்டு நன்றாக உட்கார்ந்துவிட்டது என்று சொல்கிறார் என்பது அப்புறம்தான் புரிந்தது. என் மனைவி கற்பூரம் கொளுத்தப் பார்த்தாள், காற்று விடவில்லை. பூவை மட்டும் போட்டாள்.

கரைக்கு வந்ததும் அவள் மீன்பிடிகாரரிடம் கேட்டாள். "ஏங்க, அந்த முருகன் கல்லுக்குக் கோயில் எந்தப் பக்கம் இருக்கு?"

"எந்த முருகன்?"

"நீங்கதான சொன்னீங்க? முருகன் கல்ல ஒடச்சிட்டோம்னு."

அவர் மணலில் உட்கார்ந்து சிரித்தார். "முருகன் இல்லை தங்கச்சி, முருகை! முருகைக்கல். கடலுக்குள்ள சின்னச் சின்னப் பூச்சி கட்டுற கல்லு. அந்தக் கல்லு கிடக்கிற இடத்தைத்தான் பார் எண்டுறது. பார் உடைஞ்சால் மீன் எங்க போய் நிக்கும்? அதுக்குத்தான் கத்தினனான்."

நான் என் மனைவியைப் பார்த்தேன். பட்ட பாடு கொஞ்சமா? பல்வலிக்குக்கூடப் பழி சுமந்தவன் நான். ஆனால் அவள் ஒன்றும் அசரவில்லை.

"பூச்சி கட்டுனதா? அந்த அளவு மலையவா?"

"ஓம்."

"அப்ப அது இன்னும் பாவம்ல?" என்று சொல்லிவிட்டு அடுப்பு மூட்டப் போனாள்.

தண்ணீர் கொதிக்குமுன் வேறொரு படகு கரைக்கு வந்தது. முன்பின் தெரியாத மூன்று பேர் கோபத்தோடு இறங்கினார்கள். ஒருவர் தோளில் எங்கள் தேயிலைப் பெட்டி. கடலில் தேயிலைக் கப்பல் ஒன்று கவிழ்ந்துவிட்டது என்று நினைத்து, கயிற்றை அறுத்து, பெட்டியை உடைத்துப் பார்த்திருக்கிறார்கள்.

"ஆரடா இந்தப் பெட்டிக்காரன்? உள்ள ஒண்டுமில்லை!"

கயிற்றை அறுத்ததற்கு நாங்கள் சண்டை போட வேண்டும். வெறும் பெட்டியை மிதக்கவிட்டதற்கு அவர்கள் சண்டை போட்டார்கள். துரை நடுவில் புகுந்து சமாதானமாக, "போ! நில்லு! வெட்டு!" என்றார். வெட்டு என்றதும் நிலைமை இன்னும் மோசமானது. கடைசியில் என் மனைவிதான் எல்லோருக்கும் தேநீர் ஊற்றிக் கொடுத்தாள். எங்கள் ஸ்டோர் தூள், அதுவும் அன்றைக்குத் திறந்த பொட்டலம். முதல் வாய் குடித்ததும் பெட்டியைத் தூக்கிவந்தவர் மெதுவாகக் கேட்டார்: "அக்கா, இது அந்தப் பெட்டிக்குள்ள இருந்ததோ?"

அவர்களே மறுநாள் காலையில் எங்களுக்குக் காலியான தார் பீப்பாய் ஒன்று கொண்டுவந்து தந்தார்கள். அதன் வாயை நான் இறுக அடைத்தேன். அறுந்த கயிற்றை மீன்பிடிகாரர் முங்கி எடுத்துவர, புதுக்கயிறு சேர்த்துப் பீப்பாயைக் கட்டினோம். அது ஒரு தரமும் முழுகாமல் நிமிர்ந்து மிதந்தது. துரை படகை அதில் கட்டிவிட்டு, நாள் முழுக்கக் குப்புறக் கிடந்தார். நானும் கண்ணாடியைக் கடன் வாங்கிப் பார்த்தேன். முறிந்த பட்டை அப்படியேதான் இருந்தது, ஆனால் நீளவில்லை.

பாதித் தோட்டத்துக்கு நாங்கள் உண்மையைச் சொன்னோம். அவர்கள் நம்பவில்லை. பூச்சி கல் கட்டும் என்பதைவிட முருகன் கல் கடலில் இருக்கும் என்பதுதான் அவர்களுக்கு நம்புகிற மாதிரி இருந்தது. மீதிப் பாதிக்குச் சொல்ல வேண்டாம் என்று விட்டுவிட்டோம்.

அந்த வருஷம் ஆவணியில் சின்னத்துரை தனியாகத் திருகோணமலைக்குப் போனார். இரண்டு நாளில் திரும்பி வந்து நேரே என் பட்டறைக்கு வந்தார். தோளெல்லாம் வெயிலில் உரிந்திருந்தது.

"என்னாச்சுங்க தொரை? பீப்பா போயிருச்சுங்களா?"

"பீப்பாய் இருக்கு. போட் கட்டு, போட் கட்டு, போட் கட்டு," என்று விரலை மடக்கிக்கொண்டே போனார். எண்ணிக்கை பதினொன்றில் வந்து நின்றது. அந்தப் பக்கத்து மீன்பிடிகாரர்கள் எல்லோரும் இப்போது நங்கூரம் போடுவதை விட்டுவிட்டு, எங்கள் பீப்பாயில் ஒன்றன் பின் ஒன்றாகக் கட்டிக்கொள்கிறார்களாம். துரையின் படகுக்கு இடமில்லை. கடைசிப் படகின் வாலில் கட்டிவிட்டு, பாருக்கு வர அவ்வளவு தூரமும் நீந்தியிருக்கிறார். நடுவில் களைத்துப்போய் ஒரு படகைப் பிடித்துக்கொண்டபோது, அதிலிருந்தவர்கள் தூக்கி மேலே போட்டு, சோறும் மீன் குழம்பும் கொடுத்து, சாப்பிட்டு முடித்ததும் மறுபடி கடலில் இறக்கிவிட்டார்களாம்.

"சிமெந்துத் தட்டு நகரலியேங்க?" என்று கேட்டேன். எனக்கு அந்தக் கவலைதான்.

"இல்லை. உட்காரு," என்றார் பெருமையாக. பிறகு என் பெஞ்சில் கிடந்த இரும்புத் துண்டுகளை ஒருமுறை கண்ணால் அளந்துவிட்டுச் சொன்னார்: "பிட்டர், இன்னொரு முளை செய்."